ஆட்டம் எங்கே இருக்கிறது

முதலில் வந்தது சத்தம்தான். பாலசமுத்திரத்திலிருந்து பழனிக்குப் போகும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கிய நொடியில், முன்பக்கம் இடதுகாலுக்கு நேரே கீழே 'டொக்' என்று ஒன்று. கதவை யாரோ ஒரு விரல் மடக்கித் தட்டியது போல. வேகமாகப் போனால் கேட்காது. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் கேட்காது. மெதுவாக, சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் உருட்டிக்கொண்டு போகும்போது மட்டும் கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டால் அதுவும் இல்லை.

என்னுடையது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. பன்னிரண்டு அங்குலச் சக்கரம். அவ்வளவு சின்னச் சக்கரத்துக்கு நம் ஊர்ப் பள்ளங்கள் எல்லாமே ஆழமானவை. எங்கள் ஊர் அணைக்குப் போகும் சாலையில் எதிரே பஸ்ஸோ கரும்பு டிராக்டரோ வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கும். பஸ் போனதும் மறுபடி ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. இடப்பக்கம்தான் முதலில் போனது என்பதில் பிறகு எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை.

டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், இறக்கினார்கள். ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள்: இரண்டு பக்கமும் சாக் அப்சார்பர், மேல் மவுண்ட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் புஷ். "முன்பக்கம் மொத்தமா மாத்திட்டா சத்தம் போயிரும் சார்" என்றார் அந்தப் பையன். போயிருக்கும்தான். மொத்தமாக மாற்றினால் எந்தச் சத்தமும் போகும். ஆனால் சத்தம் எங்கே இருந்தது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் அந்தக் காகிதத்தில் விலை போட்டிருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் புளியமரத்தடியில் ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, கம்பியில் தொங்கும் ரிங் ஸ்பேனர்கள். நடத்துகிறவர் என்னிடம் உயிரியல் படித்தவர். இப்போது நாற்பதைத் தொடுகிற வயது. எனக்கு இன்னும் 'தம்பி'தான்.

"சத்தம் எப்பங்க சார் வருது?"

சொன்னேன். "திருப்பும்போது வருதுங்களா? பிரேக் போடும்போது?" அதையும் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, பெருமாள் கோயில் பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். பேசவில்லை. ஸ்டியரிங்கை ஒரு கையால் லேசாகப் பிடித்திருந்தார். இன்னொரு கை கதவின் உள்பக்கத் தகரத்தில் இருந்தது. காதைவிட அந்தக் கைதான் கேட்கிறது என்று தோன்றியது. ஒரு வைத்தியர் நாடி பார்க்கும்போது முகத்தில் வருகிற வெறுமை அவர் முகத்தில் இருந்தது.

முன்சக்கரத்தின் பாடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்சக்கரத்துக்கு உருள்வது ஒரு வேலை, மேலும் கீழும் போவது இன்னொரு வேலை. முன்சக்கரத்துக்கு மூன்றாவதாகத் திரும்புகிற வேலையும் உண்டு, அதுவும் பள்ளத்தில் ஏறி இறங்கிக்கொண்டே. லாரிகளில் இன்றும் இதற்குக் கிங்பின்தான்: திரும்புவதற்கு மட்டும் செங்குத்தாக ஒரு தடித்த ஆணி, ஏறி இறங்குவதைப் பட்டை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இரண்டு அசைவையும் ஒரே மூட்டில் முடித்துவிடலாம் என்பதுதான் பால் ஜாயிண்டின் யோசனை. அமெரிக்காவில் 1952 லிங்கன் கார்களில் முன்பக்கச் சஸ்பென்ஷனுக்கு அது வந்தது; அதன் பிறகு உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழிக்கு வந்துவிட்டன. ஒரு இரும்புப் பந்து, அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிண்ணம், பந்திலிருந்து நீளும் ஒரு தண்டு. தண்டு எந்தப் பக்கமும் சாயும், தன்னைத்தானே சுற்றவும் செய்யும். ஆனால் பந்து கிண்ணத்தை விட்டு இம்மியும் விலகக் கூடாது. அசைவு உண்டு, ஆட்டம் இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்த மூட்டின் ஆயுள் முழுவதும் இருக்கிறது.

இருபது வருடத்துக்கும் மேலாக இதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், வேறு பெயரில். பந்துக்கிண்ண மூட்டு. தொடையெலும்பின் தலை, இடுப்பெலும்பின் குழி. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்தச் சின்ன உருண்டையின் மேல் இறங்குகிறது. தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இரவெல்லாம் நடந்து எங்கள் பக்கத்துச் சாலைகளில் போவதைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். எத்தனை லட்சம் அடிகள், எத்தனை உருண்டைகள். ஆனால் உடம்பின் மூட்டு தன் மசகைத் தானே சுரந்துகொள்கிறது. அசைய அசையத்தான் குருத்தெலும்புக்குத் தீனி கிடைக்கிறது. இரும்பு மூட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆலையில் ஒரு தடவை அடைத்த கிரீஸ்தான் கடைசி வரைக்கும்.

முன்பு அப்படி இல்லை. மாட்டு வண்டிக்காரர் விளக்கெண்ணெயையும் வைக்கோல் கரியையும் குழைத்த வண்டி மசையை மூங்கில் குழாயில் போட்டு வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார். அச்சு கீச்சிட்டால் நிறுத்தி, கடையாணியைக் கழற்றி, மசை போட்டுவிட்டுப் போவார். பழைய கார், லாரிகளின் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும்; சர்வீசுக்கு விட்டால் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பார்கள், பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே பிதுங்கும். அடிக்கிறவன் அந்தச் சாக்கில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுவான். நிப்பிள் போனபோது அந்தத் தொடுகையும் போய்விட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் தொடாத மூட்டு, சத்தம் போட்டால்தான் உண்டு.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் தம்பி ஜாக்கியை எடுத்தார். எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். "இதுலதாங்க சார் விஷயமே இருக்குது" என்றார்.

மாருதி 800-இல் வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங் சுற்றிய ஸ்ட்ரட். கீழே இருக்கிற பால் ஜாயிண்ட் பாரம் சுமப்பதில்லை. சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளேயும் வெளியேயும் முன்னேயும் பின்னேயும் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆகவே பாடிக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டால், மூட்டு தளர்ந்து தன் நிலைமையைச் சொல்லிவிடும். டாடா சுமோ மாதிரி மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் உள்ள வண்டியில் கதை வேறு. அங்கே ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளலில் தேய்ந்த பந்து கிண்ணத்தோடு இறுகி உட்கார்ந்துகொள்ளும். கடப்பாரை போட்டு நெம்பினாலும் ஆட்டம் தெரியாது. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். அந்த வண்டிக்கு ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். பாரத்தை வாங்கிக்கொண்டால்தான் மூட்டு பேசும். ஒரே பழுது, ஜாக்கி வைக்கிற இடத்தைப் பொறுத்துத் தெரியவும் செய்யும், மறையவும் செய்யும்.

இதைக் கேட்டதிலிருந்து என் மனம் அதை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை, கிணற்றில் ஏன் தண்ணீர் வற்றியது என்று எத்தனையோ பழுதுகளை நாம் பாரத்தை இறக்காமலே நெம்பிப் பார்த்துவிட்டு, ஆட்டம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சக்கரம் தரையை விட்டு எழுந்தது. ஜாக்கியை நம்பாமல் பக்கத்தில் ஸ்டாண்டும் கொடுத்தார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார். 'டொக்.' சாலையில் கேட்ட அதே சத்தம், இப்போது கைக்கெட்டும் தூரத்தில்.

"வீல் பேரிங்கா இருக்குமா தம்பி?"

"இருக்கலாங்க சார். உள்ள உக்காந்து பிரேக்க அழுத்திப் பிடிங்க."

அழுத்தினேன். மறுபடி ஆட்டினார். மறுபடி 'டொக்'. பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் பேடும் சக்கரத்தைச் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அது அந்நேரம் அடங்கிப்போகும். அடங்கவில்லை. அப்படியானால் பேரிங் இல்லை. பிறகு கைகளைப் பக்கவாட்டில், மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடத்தில் வைத்து ஆட்டினார். ஒன்றும் இல்லை. டை ராட் எண்ட் இல்லை. பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் என் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டுக் கீழே ஆட்டினார். கையில் அதிர்வு வந்தது, இடி வரவில்லை. மேல் மவுண்ட் இல்லை. சட்டைப்பையில் இருந்த காகிதத்தின் வரிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தன.

"இப்ப நீங்க கம்பியப் பிடிங்க, நான் விரல வெக்கிறேன்."

சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவில் நெம்புகோலைக் கொடுத்து மெதுவாக அழுத்தினேன், விட்டேன். அவருடைய ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் மூட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தன. இரண்டாவது அழுத்திலேயே தலையாட்டினார். பிறகு கம்பியை அவர் வாங்கிக்கொண்டு என்னை விரல் வைக்கச் சொன்னார்.

மூட்டை மூடியிருந்த ரப்பர் பூட் பிசுபிசுவென்று இருந்தது. மேலே நக்கிளின் சில்லென்ற இரும்பு, கீழே ஆர்மின் விளிம்பு. இரண்டையும் ஒரே விரல் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அழுத்தினார். ஒன்று நகர்ந்தது, மற்றது நகரவில்லை. அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் இருக்குமோ இருக்காதோ. கண்ணுக்குத் தெரியவில்லை, விரல் நுனிக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. மாதக்கணக்காக நான் காதால் தேடிய சத்தம் அங்கே ஒரு சின்னப் படியாக இருந்தது. கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கிற ஸ்கேனருக்கு இது தெரியாது. இந்த மூட்டிலிருந்து எந்த ஒயரும் போகவில்லை. விரல் வைக்க ஆள் இருந்தால் உண்டு. அணையை ஒட்டிய பொருந்தலில் 2009, 2010-இல் பேராசிரியர் கா.ராஜன் அகழ்ந்தபோது கண்ணாடி மணிகளும் அவற்றைச் செய்த இடமும் கிடைத்தன. விரல் நுனியை நம்பிச் செய்கிற தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

பூட்டின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. தம்பி அதைப் பிதுக்கிக் காட்டினார். கிரீஸ் வரவில்லை, துருநிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது.

"பந்து தானா தேயாதுங்க சார். இந்த ரப்பர் கிழியணும். மழைத்தண்ணியும் மண்ணும் உள்ள போயி கிரீஸோட கலந்துட்டா அப்புறம் அது கிரீஸ் இல்ல, வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டு."

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி கண்டதும் இதற்கு நெருங்கிய ஒன்றுதான். தேய்ந்த இடுப்புக்குச் செயற்கை மூட்டு வைக்க 1958-இல் தொடங்கினார்: எஃகுப் பந்து, டெஃப்லான் கிண்ணம். வழுக்கும் பொருள்களில் டெஃப்லானுக்கு மிஞ்சியது இல்லை என்று அப்போது நினைத்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்கு வைத்தார். சில வருடங்களில் கிண்ணங்கள் தேய்ந்தன. அதைவிட மோசம், தேய்ந்து உதிர்ந்த தூள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் அரித்து மூட்டையே தளர்த்தியது. அந்த நோயாளிகளுக்கு மறு அறுவைச் சிகிச்சை செய்யும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். டெஃப்லான் துணுக்கைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சதை என்ன செய்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அதுவே வேர். அவர் வைத்த பந்தின் விட்டம் 22 மில்லிமீட்டர்தான். பந்து சிறிதாக இருந்தால் உராய்வின் திருகுவிசை குறையும் என்பது அவர் கணக்கு. எஃகுப் பந்து, கெட்டிப் பிளாஸ்டிக் கிண்ணம்: என் வண்டியின் மூட்டிலும் இதே ஜோடிதான். சார்ன்லியின் கண்டுபிடிப்பை விட அவர் தன் பழுதைத் தானே தேடிப் போன விதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கழற்றுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு போல்ட்தான் கஷ்டம் கொடுத்தது. இந்த வண்டியில் பந்தின் தண்டு நக்கிளின் ஓட்டைக்குள் நேராக ஏறி நிற்கிறது; ஓட்டை பக்கவாட்டில் பிளவுபட்டிருக்கும்; அந்தப் பிளவை இறுக்கிப் பிடிப்பது ஒரு போல்ட். தண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் உண்டு, போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகவே போகிறது. தளர்த்தினால் போதாது, முழுவதும் உருவ வேண்டும். தெரியாதவர்கள் தளர்த்தி வைத்துவிட்டு மணிக்கணக்கில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார்களாம். போல்ட் துருவேறி ஒட்டியிருந்தது. டீசல் விட்டு ஊறவைத்து, தலையில் லேசாகத் தட்டி, ஸ்பேனரைக் கால்திருப்பு முன்னே, கால்திருப்பு பின்னே என்று கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார். அவசரப்பட்டால் கழுத்து முறிந்துவிடும். பிறகு பிளவில் உளியை வைத்து ஒரு தட்டு, ஆர்மைக் கீழ்நோக்கி ஒரு நெம்பு. தண்டு வெளியே வந்தது.

கூம்பு வடிவத் தண்டு வருகிற வண்டிகளில் வேறு முறை என்று சொன்னார். அங்கே நட்டின் மேல் அடிக்கக் கூடாது, மரை போய்விடும். தண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில், எதிரெதிரே இரண்டு சுத்தியல் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அந்த அதிர்ச்சியில் கூம்பு தானாகக் கழன்றுகொள்ளும். திரும்பப் போடும்போது கூம்பில் ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ இருக்கக் கூடாது. துளையும் நட்டின் வெட்டும் நேர் வரவில்லை என்றால் ஸ்பிளிட் பின்னுக்காக நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் கொண்டுவர வேண்டும்.

பழைய ஆர்மைக் கையில் கொடுத்தார். தண்டு, கழுத்து முறித்த கோழியின் தலை போல, பிடித்த பக்கமெல்லாம் சாய்ந்தது. புதியதை எடுத்துக் கொடுத்து அசைத்துப் பாருங்கள் என்றார். இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால்தான் நகர்ந்தது, அதுவும் தேன் போல மெதுவாக, விட்ட இடத்திலேயே நின்றது. சென்னையின் ராணே போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இந்த மூட்டுகளைச் செய்து வருகின்றன. யாருடைய கைகளோ இந்த இறுக்கத்தை அளந்து அனுப்பியிருக்கின்றன.

இது மெதுவாகத் தேய்கிற வரைக்கும் சத்தம்தான். ஒருநாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரம் வண்டிக்கடியில் மடிந்துவிடும். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில், ஏதாவது ஒரு கொண்டையூசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன கோடையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த மலையில் இதே சத்தத்தோடு போய் வந்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புது போல்ட் போட்டார். ஆர்மின் உள்பக்கத்துப் புஷ் போல்டை மட்டும் அரைகுறையாக முடுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி எழுப்பி, பிறகு கீழே படுத்து இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த வளைவிலேயே உறைந்துவிடும். தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். "பழனியில அலைன்மெண்ட் ஒண்ணு பாத்துருங்க, மறந்துராதீங்க" என்றார்.

வலப்பக்கத்தையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று எங்கேயோ படித்த ஞாபகம்.

"பாத்துட்டுச் சொல்றேங்க சார்."

ஜாக்கியை அந்தப் பக்கம் கொண்டுபோனார். உச்சியும் அடியும் பிடித்து ஆட்டினார். என்னைப் பிரேக் அழுத்தச் சொன்னார். சக்கரத்தைக் கழற்றினார். நெம்புகோலை என்னிடம் தந்துவிட்டு விரல்களை மூட்டில் வைத்தார். அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். அவர் தலையாட்டவில்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, என்னையும் வைக்கச் சொன்னார். இரண்டு இரும்பும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தன.

பனியன் வேஸ்ட்டில் ஒரு பிடி எடுத்து பூட்டைச் சுற்றி இருந்த மண்ணைத் துடைத்தார். மடிப்பு மடிப்பாக விரித்து, டார்ச் அடித்து, உள்பக்கம் வரைக்கும் பார்த்தார். கீறல் இல்லை.

"இது நல்லா இருக்குதுங்க சார். தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.